வைரஸ் மரபணு உயிரணுவை எந்த இடத்தில் காக்கிறது? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரு வைரஸ் மரபணுவைக் கொடுத்து, அது உயிரணுவை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்தும் (பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றப் பொருள்கள் மிகுவதால் வரும் நெருக்கடி) திட்டமிட்ட இறப்பிலிருந்தும் காக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்வார். மரபணுவை உயிரணுக்களுக்குள் செலுத்துவார், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்ப்பார், மறுநாள் எத்தனை உயிரணுக்கள் பிழைத்திருக்கின்றன என்று எண்ணுவார். இந்தச் சோதனையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடை தருவதில்லை. பெராக்சைடு எதையும் தாக்குவதற்கு முன்பே அழிக்கப்பட்டதால் உயிரணு பிழைத்திருக்கலாம். தாக்குதல் நடந்தும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு உடையாமல் நின்றதால் பிழைத்திருக்கலாம். சவ்வும் உடைந்த பிறகு, கடைசியில் கொல்லும் நொதிகள் மட்டும் முடக்கப்பட்டதால் பிழைத்திருக்கலாம். மூன்றும் மறுநாள் ஒரே எண்ணிக்கையையே காட்டும். எனவே முதல் நாளிலிருந்தே “காக்கிறதா” என்பதை விட்டுவிட்டு “எந்த இடத்தில் காக்கிறது” என்ற கேள்வியை வைத்துக்கொண்டு சோதனைகளை அமைக்க வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அந்த ஒரு கேள்விக்காகவே.

முதலில் பாதையை அறிந்துகொள்ளுதல்

கெர், வைலி, கரி ஆகிய மூவரும் 1972-இல் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்ட இறப்பு, உயிரணு தன் சொந்தக் கருவிகளால் தன்னை ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் நிகழ்வு ஆகும். அதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. டி.என்.ஏ. சேதம், புற ஊதாக் கதிர், பெராக்சைடு போன்ற உள் நெருக்கடிகள் மைட்டோகாண்ட்ரியா வழியாகச் செல்லும் வாயிலைத் திறக்கின்றன: பாக்ஸ், பாக் எனும் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிட, சைட்டோகுரோம் சி வெளியேறி, புரதங்களை வெட்டும் நொதியான காஸ்பேஸ்-9 விழித்து, அது காஸ்பேஸ்-3, காஸ்பேஸ்-7 ஆகிய கொல்லும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. இரண்டாவது வாயில் உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கிறது. ஃபாஸ் ஏற்பி, டி.என்.எஃப். ஏற்பி ஆகியவற்றின் வழியாக வரும் கட்டளை காஸ்பேஸ்-8-ஐ எழுப்பி, பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் துணை இல்லாமலேயே அதே கொல்லும் நொதிகளைச் சென்றடைகிறது.

தொற்றுக்குள்ளான உயிரணு விரைவாகச் செத்துவிட்டால் வைரஸுக்குத் தன் சந்ததியை உருவாக்க அவகாசம் கிடைக்காது. அதனால்தான் இந்தப் பாதையின் ஏறக்குறைய ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒரு வைரஸ் ஒரு மரபணுவை நிறுத்தி வைத்திருக்கிறது. உச்சியில், அதாவது ஆக்சிஜனேற்றப் பொருள்களையே அழிக்கும் இடத்தில், மொலஸ்கம் கன்டேஜியோசம் வைரஸின் எம்சி066எல் நிற்கிறது. நடுவில், மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில், அடினோவைரஸின் ஈ1பி-19கே, எப்ஸ்டீன்-பார் வைரஸின் பிஎச்ஆர்எஃப்1 ஆகியவையும், மனித சைட்டோமெகலோ வைரஸின் விஎம்ஐஏ என்ற புரதமும் நிற்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் இதோடு நில்லாமல், புரதமாக மாறாத பீட்டா2.7 என்ற ஆர்.என்.ஏ.வையும் அனுப்பி, மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத் தொடரில் உள்ள முதல் கூட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்று 2007-இல் காட்டப்பட்டது. கடைக்கோடியில், காஸ்பேஸ்களையே பிடித்து நிறுத்தும் இடத்தில், பசு அம்மை வைரஸின் சிஆர்எம்ஏவும் பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸின் பி35-உம் இருக்கின்றன.

இவற்றுள் பி35-ஐப் பயிற்சிக்கான மரபணுவாகப் பரிந்துரைப்பேன். பாக்குலோவைரஸ்கள் மனித உயிரணுக்களில் பெருகுவதில்லை என்பதும், அவற்றைக் கையாளும் பழக்கம் இந்திய ஆய்வகங்களில் பரவலாக இருப்பதும் ஒரு காரணம். நிலக்கடலையிலும் பருத்தியிலும் புழுக்களுக்கு எதிராக மாலை வேளையில் தெளிக்கப்படும் என்.பி.வி. கரைசல் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸை அழித்துவிடும் என்பதால்தான் மாலை வேளை. முக்கியமான காரணம் வேறு. ஒரே மரபணுவுக்கு இரண்டு இடங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன என்பதால், நம் கேள்வியைப் பழகிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான மரபணு கிடைப்பது அரிது.

பி35: ஒரே மரபணு, இரண்டு விளக்கங்கள்

ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிகா என்ற அந்துப்பூச்சியிலிருந்து பிரிக்கப்பட்ட பாக்குலோவைரஸின் ஒரு மாற்றுரு, தொற்றிய உயிரணுக்களை வழக்கத்துக்கு மாறாக விரைவில் குமிழ் குமிழாகச் சிதறவைப்பதைக் கிளெம், ஃபெக்ஹைமர், மில்லர் ஆகியோர் கண்டு, அந்த மாற்றுருவில் பழுதாகியிருந்தது பி35 மரபணு என்று 1991-இல் அறிவித்தார்கள். உயிரணுவின் தற்கொலையைத் தடுக்க வைரஸ் ஒரு மரபணுவையே வைத்திருக்கிறது என்பதற்கான மிகத் தொடக்ககாலச் சான்றுகளில் அது ஒன்று. பின்னர் அதன் வேலைமுறையும் தெளிவானது. காஸ்பேஸ், பி35 புரதத்தை 87-ஆம் இடத்தில் உள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தில் வெட்டுகிறது. வெட்டிய நொதி அந்த வெட்டிலிருந்து விடுபட முடியாமல், பி35-உடன் வேதிப் பிணைப்பில் மாட்டிக்கொண்டு செயலிழக்கிறது. இதற்கு உறவான மரபணு ஓம்புயிரிகளில் (வைரஸ் தொற்றும் உயிரிகளில்) அறியப்படவில்லை. ஆயினும் நூற்புழு, பழ ஈ, பாலூட்டிகளின் நரம்பணு என எங்கே வைத்தாலும் பி35 வேலை செய்கிறது.

இரண்டாவது விளக்கம் இந்தியாவிலிருந்து வந்தது. செய்யது எஹ்தேஷாம் ஹஸ்னைனின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பி35 காஸ்பேஸைத் தடுப்பதோடு, ஆக்சிஜனேற்றப் பொருள்களை உறிஞ்சிக்கொள்ளும் தொட்டியாகவும் செயல்பட்டு, பாதையின் உச்சியிலேயே தலையிடுகிறது என்று வாதிட்டது. அப்படியானால் பி35 கடைக்கோடியிலும் நிற்கிறது, உச்சியிலும் நிற்கிறது. இதை ஒரு புதியவர் எப்படிச் சோதிப்பார்?

படி 1: மரபணு வரிசையைப் படித்தல், ஆனால் அதை நம்பிவிடாமல்

கணினியில் வரிசையைப் பொருத்திப் பார்த்து, அறியப்பட்ட ஏதேனும் ஒரு பாதுகாப்பு நொதியை ஒத்திருக்கிறது என்று கண்டதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. முயல்களைத் தாக்கும் மிக்சோமா, ஷோப் ஃபைப்ரோமா வைரஸ்களில் சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜனேற்றப் பொருளை அகற்றும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை ஒத்த மரபணுக்கள் இருக்கின்றன. பார்த்தவுடன் இவை உயிரணுவைக் காப்பவை என்றே தோன்றும். சோதித்தபோது அப்புரதங்களுக்கு அந்த நொதியின் வினைத்திறனே இல்லை என்றும், நொதிக்குச் செம்பு கொண்டுவரும் துணைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஓம்புயிரியின் சொந்த டிஸ்மியூட்டேஸை அவை தளர்த்துகின்றன என்றும் தெரிந்தது. உருவம் காவலனுடையது, செயலோ நேர் எதிரானது.

வரிசை நம்மை ஏமாற்றும் இன்னொரு வழியை எம்சி066எல் காட்டுகிறது. இந்த மரபணு பெராக்சைடை அழிக்கும் நொதியான குளுட்டதயோன் பெராக்சிடேஸை ஒத்தது; அதன் வினைமையத்தில் செலினியம் கொண்ட அமினோ அமிலம் வேண்டும். அந்த அமிலத்துக்கான குறியீடு யு-ஜி-ஏ. வழக்கமாக இது நிறுத்தற்குறி. செய்தி ஆர்.என்.ஏ.வின் கடைசிப் பகுதிக்கு அருகில் உள்ள ஒரு கொண்டை வடிவ மடிப்பு இருந்தால் மட்டுமே உயிரணு அதை நிறுத்தற்குறியாகப் படிக்காமல் செலினியம் அமிலமாகப் படிக்கும். எனவே குளோனிங் செய்யும்போது அந்த மடிப்பைச் சேதப்படுத்திவிட்டால் பாதியில் அறுந்த புரதமே கிடைக்கும்; வளர்ப்பு ஊடகத்தில் செலினியம் போதாமல் இருந்தாலும் இதே நிலைதான். சீரத்தைக் குறைத்து வளர்ப்பவர்கள் ஊடகத்தில் சோடியம் செலினைட் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: உயிரணு வகையைத் தேர்தல்

இந்தப் படியில் தவறினால் பின்வரும் எல்லாம் வீண். கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக எச்.இ.கே.293 உயிரணுக்களை எடுப்பவர்கள் மிகுதி. ஆனால் அவை அடினோவைரஸ் 5-இன் ஈ1ஏ, ஈ1பி மரபணுக்களைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. அதாவது இறப்பைத் தடுக்கும் ஒரு வைரஸ் மரபணு அவற்றுள் ஏற்கெனவே குடியிருக்கிறது. இன்னொரு வைரஸ் மரபணுவின் பாதுகாப்பை அளக்க அவை ஏற்ற இடம் அல்ல. எம்.சி.எஃப்.-7 மார்பகப் புற்று உயிரணுக்களில் காஸ்பேஸ்-3 இல்லை. ஹீலா உயிரணுக்களில் பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம், சேதமுற்ற உயிரணுவை இறப்புக்குத் தூண்டும் பி53 புரதத்தை அழித்துக்கொண்டே இருக்கிறது. தோல் உயிரணுவான ஹாகேட்டில் பி53 மாற்றமடைந்திருக்கிறது. இவற்றில் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவரவில்லை. எந்த ஊனத்தோடு ஒரு வகை வருகிறது என்பதை முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கேள்வியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

பி35-க்கு எஸ்எஃப்9 அல்லது எஸ்எஃப்21 உயிரணுக்களே இயல்பானவை. ஸ்போடோப்டெரா ஃப்ருஜிபெர்டா என்ற பூச்சியின் கூட்டுப்புழுச் சினையகத்திலிருந்து எடுக்கப்பட்ட எஸ்எஃப்21 வகையைப் பற்றிய அறிக்கை 1977-இல் வந்தது. எஸ்எஃப்9 அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வழித்தோன்றல். 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தை நாசம் செய்த படைப்புழு இதே பூச்சிதான். இந்த உயிரணுக்கள் ஏறக்குறைய 27 முதல் 28 டிகிரி செல்சியஸில், கார்பன் டை ஆக்சைடு இல்லாமலேயே வளரும் என்பதால் கருவிச் செலவும் குறைவு. பி35 பழுதான வைரஸ் தொற்றினால் இவை சிதறிச் சாகும், ஆனால் டி.என்.-368 என்ற வேறொரு அந்துப்பூச்சியின் உயிரணுக்கள் அதே வைரஸுக்குச் சாவதில்லை. இரண்டையும் வைத்திருப்பது நல்லது.

படி 3: மரபணுவைச் செலுத்துதலும் ஒப்பீட்டு மாதிரிகளும்

எந்த மரபணுப் பொறியியல் வேலைக்கும் முன்பாக நிறுவன உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். இறப்பைத் தடுக்கும் மரபணுக்களில் சில புற்றுநோய்த் தன்மையைத் தூண்டக்கூடியவை என்பதால், அவற்றை லென்டிவைரஸ் தாங்கிகளில் (மரபணுவை உயிரணுவுக்குள் எடுத்துச் செல்பவை) ஏற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

செலுத்தும் செயலே உயிரணுவுக்கு ஒரு அழுத்தம். அதனால் செலுத்திய மறுநாளே பெராக்சைடு கொடுப்பதைவிட, மரபணு நிலையாகப் பதிந்த உயிரணு வரிசையை உருவாக்கிக்கொள்வதோ, டாக்சிசைக்ளின் சேர்த்தால் மட்டும் மரபணு இயங்கும் அமைப்பைப் பயன்படுத்துவதோ மேல். புரதம் உண்மையில் உருவாகிறது என்பதை வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை எதிர்ப்பொருளால் பட்டையாகக் காட்டும் சோதனை) மூலம் ஒவ்வொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். அடையாள ஒட்டு சேர்ப்பதானால் பி35-இன் முன்முனையில் சேர்க்காதீர்கள். காஸ்பேஸைப் பிடித்த பிறகு அந்த முன்முனைதான் நொதியின் வினைமையத்துக்குள் நுழைந்து, நீர் புகாமல் அடைத்து, பிணைப்பைக் காக்கிறது. பின்முனை பாதுகாப்பானது.

ஒப்பீட்டு மாதிரிகளில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. வெற்றுத் தாங்கி மட்டும் போதாது. பி35 அளவுக்கே மிகுதியாக உருவாகும், தொடர்பில்லாத ஒரு புரதமும் வேண்டும். ஏனெனில் உயிரணுவுக்குள் எந்தப் புரதம் ஏராளமாகக் குவிந்தாலும் அதன் சிஸ்டீன், மெத்தியோனின் அமிலங்கள் ஓரளவு ஆக்சிஜனேற்றப் பொருளை உறிஞ்சத்தான் செய்யும். எல்லாவற்றையும்விட மதிப்புள்ள மாதிரி, ஒரே ஒரு அமிலம் மாற்றப்பட்ட அதே புரதம். பி35-க்கு 87-ஆம் ஆஸ்பார்டிக் அமிலத்தை அலனினாக மாற்றிய உருவம், காஸ்பேஸைத் தடுக்காது. எம்சி066எல்-க்குச் செலினியம் அமிலத்தை செரினாக மாற்றிய உருவத்தை வைத்துக்கொள்ளலாம். இந்த மாற்றுருக்கள் இல்லாமல் எழுதப்படும் முடிவுகளை மதிப்பீட்டாளர்கள் சந்தேகிப்பது நியாயமே.

படி 4: அழுத்தத்தை அளவோடு கொடுத்தல்

ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டியில் எழுதியிருக்கும் செறிவை நம்பாதீர்கள். திறந்து மூடத் திறந்து மூட அது குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு சோதனை நாளிலும் நீர்த்த கரைசலை 240 நானோமீட்டரில் அளந்து, மோலார் உறிஞ்சு கெழு 43.6 என்று வைத்துக் கணக்கிட வேண்டும். 10 மில்லிமோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஏறக்குறைய 0.44 காட்டும்.

ஊடகமே பெராக்சைடைத் தின்றுவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சோடியம் பைருவேட் சேர்த்த ஊடகத்தில் பைருவேட் பெராக்சைடுடன் நேராக வினைபுரிந்து அதை அழித்துவிடும். சீரத்தில் கேட்டலேஸ் இருக்கக்கூடும். எனவே அழுத்தம் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் பைருவேட்டும் சீரமும் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். உயிரணுக்களும் பெராக்சைடை விரைந்து அழிப்பதால், ஒரே செறிவு அடர்த்தியான தட்டில் மென்மையாகவும் அடர்த்தி குறைந்த தட்டில் கொடூரமாகவும் இருக்கும். ஆகவே செறிவை மட்டும் அல்லாமல், ஓர் உயிரணுவுக்கு எவ்வளவு பெராக்சைடு என்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரே தடவையில் ஊற்றுவதற்குப் பதிலாக, ஊடகத்தில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைச் சிறிதளவு சேர்த்தால் பெராக்சைடு தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கும். இயற்கையான நிலைக்கு அது நெருக்கமானது.

அளவு கூடினால் உயிரணு ஒழுங்காகச் சாகாமல் வெடித்துச் சாகும். காஸ்பேஸுக்கு அதில் வேலை இல்லை. 50 மைக்ரோமோலாரிலிருந்து 1 மில்லிமோலார் வரை ஐந்தாறு செறிவுகளில் தொடக்கச் சோதனை செய்து, காஸ்பேஸ்-3 வினைத்திறன் உச்சத்தைத் தொடும் செறிவைத் தேர்ந்துகொள்ளுங்கள், மிகுதியாகச் சாகும் செறிவை அல்ல. புற ஊதா-பி கதிரைப் பயன்படுத்துவோர் தட்டின் மூடியைத் திறந்துவிட்டு, ஊடகத்தை நீக்கி, மெல்லிய உப்புக் கரைசலின் கீழ் கதிர் பாய்ச்ச வேண்டும். பிளாஸ்டிக் மூடியும் ஃபீனால் சிவப்பும் கதிரை விழுங்கிவிடும்.

படி 5: காலத்தை வரிசையாக அளத்தல்

கேள்விக்கான விடை இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் செய்ய வேண்டிய படியும் இதுதான்.

உயிரணுவுக்குள் இருக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்களை அளக்க டி.சி.எஃப்.எச்.-டி.ஏ. என்ற சாயம் எங்கும் பயன்படுகிறது. ஏறக்குறைய 10 மைக்ரோமோலார் செறிவில், இருட்டில், அரை மணி நேரம் ஊறவைத்து, கழுவி, 488 நானோமீட்டரில் தூண்டி 525 அருகில் ஒளிர்வைப் படிப்பது வழக்கம். சாயம் ஒளிர்ந்தால் பெராக்சைடு கூடியது, மங்கினால் குறைந்தது என்று நேராகப் படிப்பதில் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியேறும் சைட்டோகுரோம் சி, தானே ஒரு வினையூக்கியாக நின்று இந்தச் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும். அதனால் சைட்டோகுரோம் சி வெளியேறுவதை மட்டும் தடுக்கும் ஒரு மரபணு, பெராக்சைடில் ஒரு மூலக்கூறைக்கூடத் தொடாமலேயே, ஆக்சிஜனேற்றத் தடுப்பி போலத் தோன்றிவிடும்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. விழித்த காஸ்பேஸ்-3, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து சுவாசத் தொடரின் முதல் கூட்டமைப்பில் உள்ள என்.டி.யு.எஃப்.எஸ்.1 என்ற துணைப்புரதத்தை வெட்டுகிறது என்றும், அதன் பிறகு ஆக்சிஜனேற்றப் பொருள்கள் மேலும் பெருகுகின்றன என்றும் 2004-இல் காட்டப்பட்டது. ஆக, காஸ்பேஸை முடக்கும் எந்தப் பொருளும் சில மணி நேரத்துக்குப் பிறகு ஆக்சிஜனேற்றப் பொருள்களைக் குறைத்துக் காட்டும். பி35 இருக்கும் உயிரணுவில் ஆறு மணி நேரம் கழித்துச் சாயம் மங்கியிருப்பதைக் கண்டு, பி35 ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்று எழுதிவிட முடியாது. அது காஸ்பேஸைத் தடுத்ததன் நிழலாகவும் இருக்கலாம்.

இரண்டு பள்ளங்களையும் தாண்டும் வழி காலம்தான். பெராக்சைடு கொடுத்த ஐந்தாம், பதினைந்தாம், முப்பதாம் நிமிடங்களில் சாயத்தை அளங்கள். அந்த நேரத்தில் காஸ்பேஸ் இன்னும் விழித்திருக்காது என்பதை, அதே உயிரணுக்களில் காஸ்பேஸ்-3 வினைத்திறனை அந்த நொதி வெட்டக்கூடிய டி.இ.வி.டி. வினைபொருள் கொண்டு அளந்து காட்டுங்கள். அத்துடன் இசட்-வி.ஏ.டி. என்ற காஸ்பேஸ் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்த தட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மருந்து தரும் அளவுக்கே பி35-உம் ஆக்சிஜனேற்றப் பொருளைக் குறைத்தால், உச்சியில் தனி வேலை எதுவும் நிரூபணமாகவில்லை. மருந்தைவிட மிகுதியாக, அதுவும் முதல் அரை மணி நேரத்திலேயே குறைத்தால், பேச இடம் இருக்கிறது. காஸ்பேஸைத் தடுக்க முடியாத 87-ஆம் இட மாற்றுருவும் அதே அளவு குறைத்தால், இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற வாதம் உறுதிப்படும். சாயத்தை மட்டும் நம்பாமல், ஊடகத்தில் எஞ்சிய பெராக்சைடை ஆம்பிளெக்ஸ் ரெட் கொண்டு அளப்பதும், பெராக்சைடுக்கு மட்டும் ஒளிரும் ஹைப்பர் போன்ற புரத உணரியை உயிரணுவுக்குள் வைப்பதும் நல்ல துணைச் சான்றுகள்.

சில மணி நேரத்துக்குப் பிறகு மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து, சைட்டோகுரோம் சி உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பி35 கடைக்கோடியில் மட்டும் வேலை செய்தால் சைட்டோகுரோம் சி வெளியேறியும் காஸ்பேஸ் அடங்கியிருக்கும். உச்சியில் வேலை செய்தால் அது வெளியேறவே செய்யாது. பாலூட்டி உயிரணுவில், வெஸ்டர்ன் பிளாட்டில் தெரியும் இந்த ஒரே பட்டை பல பக்க வாதத்தை மிச்சப்படுத்தும். பூச்சி உயிரணுக்களில் சைட்டோகுரோம் சி-இன் பங்கு இவ்வளவு தெளிவாக இல்லை என்பதால், அங்கே இதை எச்சரிக்கையோடு படியுங்கள்.

கடைசியாக இறப்பு. சாகத் தொடங்கிய உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டும் அனெக்சின்-வி, சவ்வு உடைந்த உயிரணுவுக்குள் நுழையும் புரோப்பிடியம் அயோடைடு ஆகிய இரண்டையும் சேர்த்து ஃபுளோ சைட்டோமீட்டரில் பாருங்கள். அனெக்சின் ஒட்டக் கால்சியம் தேவை என்பதால் கால்சியத்தைப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. கலந்த கரைசலில் அதைக் கலக்காதீர்கள். தட்டிலிருந்து கழன்று மிதக்கும் உயிரணுக்களைக் கொட்டிவிட்டு ஒட்டியிருப்பவற்றை மட்டும் அளப்பது புதியவர்களிடம் மிகப் பரவலான தவறு. செத்தவை பெரும்பாலும் மிதப்பவற்றில்தான் இருக்கும். எம்.டி.டி. என்ற சாயத்தின் நிறமாற்றத்தை அளக்கும் சோதனை எளிதானது, ஆனால் அது அளப்பது உயிரை அல்ல, ஒடுக்கும் திறனை. என்-அசிட்டைல் சிஸ்டீன் போன்ற தயால் மருந்துகள் உயிரணுவே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யை ஊதா நிறமாக்கிவிடும்.

படி 6: வேறு வாயிலால் கொன்று பார்த்தல்

ஒரே உயிரணு வரிசையைப் பெராக்சைடாலும், ஃபாஸ் அல்லது டி.என்.எஃப். வழியாகவும், ஆக்டினோமைசின்-டி போன்ற மருந்தாலும் தனித்தனியே தாக்குங்கள். உச்சியில் நிற்கும் மரபணு பெராக்சைடிலிருந்தும் கதிரிலிருந்தும் காக்கும், ஃபாஸிலிருந்து காக்காது. எம்சி066எல் அப்படித்தான் நடந்துகொண்டது: 1998-இல் வெளியான ஆய்வில் மனிதத் தோல் உயிரணுக்களைப் புற ஊதாக் கதிரிலிருந்தும் பெராக்சைடிலிருந்தும் அது காத்தது, ஃபாஸ், டி.என்.எஃப். வழி இறப்பிலிருந்து காக்கவில்லை. அந்த வாயிலுக்கு அதே வைரஸ் எம்சி159 என்ற வேறொரு மரபணுவை வைத்திருக்கிறது. வெயில் படும் தோலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் ஒரு வைரஸுக்கு இரண்டும் தேவைப்படுவது வியப்பில்லை. கடைக்கோடியில் நிற்கும் பி35 எல்லா வாயில்களிலிருந்தும் காக்கும். ஆகவே பி35 பெராக்சைடிலிருந்து காக்கிறது என்பது, தனியாக எடுத்துக்கொண்டால், ஆக்சிஜனேற்றத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

படி 7: நாள் கடந்து பார்த்தல்

காஸ்பேஸை மட்டும் முடக்கிய உயிரணு 24 மணி நேரத்தில் நலமாகத் தெரிந்துவிட்டு, மைட்டோகாண்ட்ரியா சிதைந்ததால் மூன்றாம் நாளில் வேறு வகையில் சாகக்கூடும். உயிரணுக்களை மிகக் குறைந்த அடர்த்தியில் விதைத்து, பத்துப் பதினான்கு நாள்களில் எத்தனை கூட்டங்கள் முளைக்கின்றன என்று எண்ணினால், மரபணு சாவைத் தடுத்ததா, தள்ளிப்போட்டதா என்பது தெரிந்துவிடும். வைரஸுக்குத் தள்ளிப்போடுதலே போதும் என்பதால், ‘தள்ளிப்போட்டது’ என்ற முடிவைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

படி 8: வைரஸிடம் திரும்புதல்

மரபணுவைத் தனியாக, இயற்கையில் காணாத அளவுக்கு மிகுதியாக இயக்கிப் பெற்ற முடிவு, தொற்றின்போதும் அதுவே நடக்கிறது என்று காட்டாது. மொலஸ்கம் வைரஸ் வழக்கமான உயிரணு வளர்ப்பில் பெருகாததால் எம்சி066எல்-க்கு இந்தப் படி கடினம். பி35-க்கு இது எளிது. மரபணு நீக்கிய வைரஸ், இயல்பான வைரஸ், நீக்கிய இடத்தில் மரபணுவை மீண்டும் பொருத்திய வைரஸ் என மூன்றையும் எஸ்எஃப்21, டி.என்.-368 ஆகிய இரு வகை உயிரணுக்களிலும் தொற்றச் செய்து, முதல் அரை நாளில் ஆக்சிஜனேற்றப் பொருள், அடுத்த அரை நாளில் காஸ்பேஸ், முடிவில் வெளிவந்த வைரஸ் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் பதியுங்கள். டி.என்.-368 உயிரணு பி35 இல்லாமலும் சாகாது என்பதால், அங்கே ஆக்சிஜனேற்றப் பொருளின் அளவை இறப்பின் குழப்பம் இல்லாமல் படிக்க முடியும். பி35 இருக்கும் வைரஸுக்கும் இல்லாத வைரஸுக்கும் இடையே அட்டவணையின் டி.என்.-368 கட்டங்களில் வேறுபாடு தெரிந்தால் அது காஸ்பேஸின் நிழலாக இருக்க வாய்ப்புக் குறைவு. வேறுபாடு தெரியாவிட்டால், எஸ்எஃப்21-இல் கண்ட குறைவைக் காஸ்பேஸ் தடுப்பின் கணக்கில் எழுதுவதே முறை.